படத்தின் பின்புறத்தையும் பதிவு செய்யுங்கள்: ஓவியக் காட்சிக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் பிற ஊர்களிலும் ஓவியக் காட்சிக்கூடங்களை நடத்திவரும் நிர்வாகிகளுக்கும், கண்காட்சிக் கேட்டலாக்குகளையும் ஓவியர்களைப் பற்றிய தனிநூல்களையும் பதிப்பிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மெட்ராஸ் ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் படைப்புகள் மீண்டும் கவனம் பெறுவதும், அவர்களுக்கென நினைவுக் கண்காட்சிகள் நடப்பதும், வழவழப்பான தாளில் நல்ல அச்சில் நூல்கள் வருவதும் மகிழ்ச்சியான செய்திகள். இந்த மடல் அந்த நூல்களின் முன்பகுதியில் இடம்பெறும் கட்டுரையைப் பற்றியது. படங்களைப் புரட்டுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திறப்பு விழாவில் பேசுகிறவர்கள் அதை ஒரு வரியில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கண்காட்சி முடிந்து, படங்கள் வாங்கியவர்களின் வீட்டுச் சுவர்களுக்கும் அலுவலக வரவேற்பறைகளுக்கும் பிரிந்து போன பிறகு, அவை ஒருகாலத்தில் ஓரிடத்தில் சேர்ந்திருந்தன என்பதற்கு எஞ்சும் சான்று அந்த நூல் ஒன்றுதான். அந்த ஓவியரை அடுத்த தலைமுறையில் ஆராய வருகிறவர் முதலில் தேடி எடுப்பதும் அதைத்தான். எனவே அந்தக் கட்டுரை விற்பனைக்குத் துணைபோகும் புகழுரையாக நின்றுவிடாமல், சரிபார்க்கத்தக்க ஆவணமாக எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்போது வரும் கட்டுரைகளில் பலவற்றை அடுத்தடுத்து வாசித்தால் ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசிப்பதாகவே தோன்றுகிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளி, 1929இல் அதன் பொறுப்பை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1944இல் உருவான முற்போக்கு ஓவியர் சங்கம், 1957இல் கலைப்பள்ளியின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று வரிசை மாறாமல் ஒரு முன்கதை வரும். அதன் பிறகு, தென்னிந்தியக் கலைஞர்களுக்குக் கோடு இயல்பாகவே கைவந்தது என்றும், அது கோயில் சிற்பத்திலிருந்தும் கோலத்திலிருந்தும் வந்தது என்றும் ஒரு பத்தி வரும். முன்கதையில் தவறில்லை. கோட்டைப் பற்றிய பத்திதான் தொல்லை. எந்த ஓவியருக்கும் பொருந்துகிற அந்தப் பத்தி, எதிரே தொங்கும் படத்தைப் பார்க்கும் கடமையிலிருந்து கட்டுரையாளரை விடுவித்துவிடுகிறது. 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் பணிக்கர் எழுத்தையும் கணக்கையும் சாதகக் கட்டங்களையும் நினைவூட்டும் வடிவங்களைக் கேன்வாஸில் நிரப்பிய விதத்துக்கும், ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தியைக் கறுப்பு மையில் வரைந்த விதத்துக்கும் ‘கோடு’ என்ற ஒரே சொல் போதுமென்றால், அங்கே ஆய்வு தொடங்கவே இல்லை என்றுதான் பொருள்.

அடுத்தது, படங்களுக்குக் கீழே வரும் குறிப்பு. ‘பெயரிடப்படாதது, தாளில் மை’ என்று மட்டும் அச்சிட்டு அளவும் ஆண்டும் இல்லாமல் விட்ட பக்கங்கள் ஏராளம். அண்மையில் நான் புரட்டிய ஒரு கேட்டலாக்கில், பக்கம் முழுவதும் நிறைந்து வர வேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர் ஒரு கோட்டோவியத்தின் கீழ் ஓரத்தை வெட்டியிருந்தார். கையெழுத்தின் மேற்பாதி மட்டும் பக்க விளிம்பில் தலைகாட்டியது. அந்தக் கையெழுத்துக்குக் கீழே ஆண்டைக் குறிக்கும் வழக்கம் அந்த ஓவியருக்கு உண்டு. அதே நூலில் கட்டுரையாளர் அந்தப் படம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதை நடையை வைத்து ஊகிக்க ஒன்றரைப் பக்கம் செலவிட்டிருக்கிறார். அவருக்கு அனுப்பப்பட்டது வெட்டிய படம் போலும்.

கேன்வாஸின் பின்புறம் இதைவிட முக்கியமானது. பழைய படம் ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினால், சட்டத்தின் மீது ஒட்டிய கண்காட்சிச் சீட்டு, சட்டம் போட்ட கடையின் முகவரி, ஓவியரின் கையில் எழுதிய தலைப்பு, அடித்துத் திருத்திய விலை, சில வேளைகளில் முந்தைய உரிமையாளரின் பெயர் எல்லாம் இருக்கும். அந்தப் படம் எந்த ஆண்டு எந்த ஊரில் காட்டப்பட்டது, பிறகு யார் கைக்குப் போனது என்பதை ஒரு நீண்ட நேர்காணலைவிடத் தெளிவாக இவை சொல்லிவிடும். ஆனால் புகைப்படக்காரர் முன்புறத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறார். மறுசட்டம் போடும்போது அந்தச் சீட்டுகள் குப்பைக்குப் போகின்றன.

இதெல்லாம் மேலைநாட்டு அருங்காட்சியகங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் உலோகப் படிமங்களுக்கு எஃப்.எச். கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் சேர்ந்து 1932இலேயே ஒரு பட்டியல் நூல் செய்தார்கள். எந்தப் படிமம் எங்கே கிடைத்தது, உயரம் என்ன, கைகளில் என்ன ஏந்தியிருக்கிறது என்பதை முறையாகப் பதிவு செய்த நூல் அது. கால நிர்ணயங்களில் பின்வந்தவர்கள் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். ஆனால் வேறுபடுவதற்குக்கூட அந்த நூலைத் திறக்க வேண்டியிருக்கிறது. கிரேவ்லி அடிப்படையில் சிலந்திகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்த விலங்கியலாளர். பிடித்த இடம் குறிக்கப்படாத மாதிரி ஆய்வுக்கு உதவாது என்று அறிந்த துறையிலிருந்து அவர் வந்தது நம் படிமங்களின் நல்லூழ் என்றே எனக்குத் தோன்றும்.

ஆய்வெழுத்தின் ஒரு வரி என்ன செய்யும் என்பதற்குச் சிவபுரம் நடராசரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரம் கோயிலின் மூலப் படிமம் செப்பனிட வெளியே போய், அதன் இடத்தில் போலி வந்து நின்றது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் வெளியிட்ட முற்காலச் சோழர் படிமங்கள் பற்றிய நூலில், கோயிலில் இருப்பது மூலம் அல்ல என்று குறிப்பிட்டார். மூலம் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் சேகரிப்புக்குப் போய், நெடிய வழக்குக்குப் பிறகு 1986இல் இந்தியாவுக்குத் திரும்பியது. இதற்கு நேரெதிரான அனுபவமும் நமக்கு உண்டு. 2011இல் கொல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் இரவீந்திரநாத் தாகூர் வரைந்தவை என்று காட்டப்பட்ட படங்கள் போலி என்ற புகார் எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தாகூருக்கே அந்த நிலை என்றால், முறையான பட்டியலே இல்லாத மெட்ராஸ் ஓவியர்களின் பெயரில் நாளை என்னவெல்லாம் வரும் என்பதை உங்களைப் போல் சந்தையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆவணங்கள் இல்லையே, எதை வைத்து எழுதுவது என்று கேட்பீர்கள். இருக்கின்றன; தேடும் இடத்தில் நாம் தேடுவதில்லை. மெட்ராஸ் இயக்கத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் பெரும்பாலும் 1961இல் தொடங்கிய ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழையும் ஆங்கில நாளிதழ் மதிப்புரைகளையும் சுற்றியே நிற்கின்றன. அதே ஓவியர்கள் தமிழ்ச் சிற்றிதழ்களின் அட்டைகளிலும் உள்பக்கங்களிலும் கவிதை நூல்களிலும் வரைந்து குவித்தவை அநேகமாகக் கணக்கிலேயே வருவதில்லை. ஆதிமூலத்தை எடுத்துக்கொள்வோம். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டிய கோட்டோவியங்களும், அரசர் வரிசையும், பிற்கால வண்ணப் பரப்புகளும் தனிநூல்களில் விரிவாக வரும். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அவர் வரைந்த படங்கள் ‘பத்திரிகைப் பணி’ என்ற தலைப்பில் ஒரு வரியோடு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் அவருடைய கேன்வாஸ் ஒன்றை நேரில் பார்த்தவர்களைவிட அந்தக் கரிசல் முகங்களைப் பார்த்தவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கட்டுரையாளருக்கு அவற்றால் வேறொரு பெரிய பயன் உண்டு: அச்சான படத்துக்கு இதழ்த் தேதி இருக்கிறது. இந்த வாரத்துக்கு முன்பே இந்தப் படம் வரையப்பட்டுவிட்டது என்று ஐயமின்றிச் சொல்லலாம். ஆண்டு குறிக்கப்படாத மைச் சித்திரங்களை அந்தத் தேதியிட்ட படங்களோடு ஒப்பிட்டு, பேனா முனையின் பருமன், முகத்தை நிழலிடும் முறை, கையெழுத்தின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு உறுதியான கால வரிசையை அமைக்க முடியும். இதற்குத் தேவை இதழ்த் தொகுப்புகளும் பொறுமையும், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரும்தான்.

அன்றாடப் பிழைப்பைப் பற்றியும் கட்டுரைகள் கூச்சப்பட்டு ஒதுங்குகின்றன. சோழமண்டலத்தின் நிலம் பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில் வாங்கப்பட்டது என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கும் அந்த வேலை அவர்களுடைய ஓவியத்தின் தட்டையான வண்ணப் பரப்பையும் விளிம்புக் கோட்டையும் எப்படிப் பாதித்தது என்று கேட்கிற கட்டுரை அரிது. ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர்கள். துணி வடிவமைப்பு அவர்களுக்குச் சம்பளத்தோடு வேறு என்ன தந்தது? கோயில் சிற்பத்தின் தாக்கத்தை எழுத முந்நூறு சொற்களைத் தாராளமாகச் செலவிடுகிறவர்கள், தறிக்கான வடிவத்தாளுக்கு முப்பது சொற்களாவது ஒதுக்கலாம்.

சோழமண்டலத்து ஓவியர் கே. ராமானுஜம் விஷயத்தில் நிலைமை தலைகீழ். அவருடைய துயர வாழ்வும், 1973இல் இளம் வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டதும் கட்டுரையை முழுக்க விழுங்கிவிடுகின்றன. அவர் படங்களில் வரும் தொப்பி அணிந்த மனிதர், மாளிகைகள், பறக்கும் விலங்குகள், பாம்புகள் எல்லாம் நோயின் அறிகுறிகளாகவே வாசிக்கப்படுகின்றன. ஆனால் நெருங்கிப் பார்த்தால், மெல்லிய குறுக்குக் கோடுகளை அடுக்கடுக்காகப் போட்டு வெளிச்சத்தைத் தாளின் வெறும் வெண்மையிலிருந்தே எடுக்கிற ஒருவரின் கட்டுப்பாடு தெரிகிறது. அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதுவது அனுதாபத்தைவிட அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

நல்ல கட்டுரை வராததற்கு எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. திறப்பு விழா அழைப்பிதழ் அச்சான பிறகுதான் கட்டுரைக்கு ஆள் தேடுகிறார்கள். ஒருமுறை எனக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தபோது, படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. படங்களை நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன், அவை சட்டம் போடப் போயிருப்பதாகப் பதில் வந்தது. குடும்பத்தாரிடம் இருக்கும் கடிதங்களைக் கேட்டதற்கு, ‘அவ்வளவு ஆழமாகப் போக வேண்டாம் சார், வாங்குகிறவர்கள் படிக்கிற மாதிரி இருந்தால் போதும்’ என்றார்கள். அந்தக் காட்சிக்கூடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இது ஒரே ஒரு இடத்தின் பழக்கமாக இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. படங்களை விற்கும் நிறுவனமே கட்டுரைக்கும் ஊதியம் தருவதில் தவறு எதுவும் இல்லை. உலகெங்கும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கட்டுரையாளர் ஒரு படத்தின் காலத்தையோ உண்மைத்தன்மையையோ ஐயப்பட்டால் அந்த ஐயம் அச்சேற வேண்டும். குடும்பத்தார் விரும்பவில்லை என்பதற்காக ஒரு பகுதியை நீக்கினால், நீக்கம் நடந்ததாவது கட்டுரையாளருக்குத் தெரிய வேண்டும். இப்போது பலருக்குத் திறப்பு விழாவில் பிரதி கைக்கு வரும்போதுதான் தெரிகிறது.

கட்டுரை தமிழிலும் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். ஆங்கிலக் கட்டுரையைக் கடைசி நேரத்தில் யாரிடமோ கொடுத்துப் பெயர்க்கச் சொல்லிப் பின்னிணைப்பில் சேர்ப்பதை நான் குறிப்பிடவில்லை. இந்த ஓவியர்களில் பலர் தமிழ்க் கவிஞர்களோடும் நாடகக்காரர்களோடும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி வளர்ந்தவர்கள். அந்தப் பேச்சின் சாட்சிகளில் எஞ்சியிருப்பவர்கள் தமிழில்தான் நினைவுகூர்வார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதும் ஒருவருக்கு, ஆங்கிலக் கட்டுரையாளருக்குத் தரும் அதே ஊதியத்தையும் அதே கால அவகாசத்தையும் தாருங்கள்.

அடுத்த டிசம்பர், ஜனவரி கண்காட்சிகளுக்கான வேலை உங்களில் பலருக்கு இப்போதே தொடங்கியிருக்கும். படங்கள் சட்டக் கடைக்குப் போவதற்கு முன் ஒவ்வொன்றின் பின்புறத்தையும், ஓரம் வெட்டாத முன்புறத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள், கைபேசியே போதும். அளவு, ஊடகம், ஆண்டு, முன்பு காட்டப்பட்ட இடம், யாரிடமிருந்து வந்தது என்ற ஐந்தையும் ஒவ்வொரு படத்துக்கும் நிரப்புங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே அச்சிடுங்கள், ஊகித்த ஆண்டை ஊகம் என்றே குறியுங்கள். நூல் வந்ததும் கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் பிரதிகள் அனுப்புங்கள். விற்பனைக்கு அல்லாத வெளியீடு என்பதாலேயே பல கேட்டலாக்குகள் எந்த நூலகத்தையும் எட்டாமல் போகின்றன. விருந்தினர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் கட்டிலிருந்து இரண்டை எடுத்து அஞ்சலில் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கேட்டலாக்குகளைத் தொடர்ந்து வாசித்துவரும் ஓவிய ஆய்வாளர் ஒருவர்