அலங்கார கேக் ஆர்டர் தருபவர்கள் கவனத்திற்கு

வணக்கம். தீபாவளி நெருங்குகிறது, பூ வேலைப்பாடுள்ள கேக்கை ‘நாளைக்கே வேண்டும்’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கேக் வேகிற நேரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் அலங்காரத்துக்கே போகிறது. ஒரு சர்க்கரை ரோஜாவுக்கு இதழ் இதழாக மெலிதாகத் தேய்த்து, ஓரத்தைச் சுருட்டி, ஒன்று கொஞ்சம் இறுகிய பிறகே அடுத்ததை ஒட்ட வேண்டும். சிங்கப்பூர் ஈரக்காற்றில் அது சீக்கிரம் காயாது, ஏர்கான் அறையில் வைத்தாலும் பொறுமை வேண்டும். ஃபாண்டன்ட் (மாவு போல் பிசைந்த சர்க்கரை உறை) போர்த்திய கேக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் வியர்க்கும். துடைத்தால் நிறம் கலையும், தொடாமல் விடுங்கள்.

கேக் செய்து தரும் நம் குழுவில் பலர் வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் இதைச் செய்கிறார்கள். அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். பூ கேக்குக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், வெறும் பட்டர்கிரீம் என்றால் 3 நாள் போதும். மாதிரிப் படம், எடை, தேதி எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள்.