தோள் மூட்டின் அளவை எழுதி அனுப்பு

அன்புள்ள யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் ஸ்டாப் மோஷன் படத்துக்கான பொம்மையின் புகைப்படங்கள் வந்தன. துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக எடுப்பாயே, அந்தப் பொம்மைதான். பொம்மையின் முகத்தை அம்மா எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள். என் கண் போனது அதன் உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டின்மேல். இரண்டு தகடுகள், இரு முனையிலும் எஃகுக் குண்டுகள், நடுவில் இறுக்க ஒரு ஸ்க்ரூ. தோளில் இருக்கும் ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருக்கிறதே, அடிக்கடி முடுக்குகிறாயா? அப்படியானால் குண்டு தன் குழியில் சரியாக உட்காரவில்லை. பிடி தளர்ந்தால் நீ விரலை எடுத்ததும் பொம்மையின் கை தொங்கிவிடும். பிடி கூடினால் மயிரிழை நகர்த்த நினைத்தது வெட்டி இழுத்ததுபோல் நகரும். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 தனிப் படங்கள். அதில் ஒன்று துள்ளினாலும் பார்ப்பவன் கண்ணுக்குத் தப்பாது.

பகல் முழுக்க நின்று வேலை செய்தும் இரண்டு நொடி தேறவில்லை, கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். மாறுவதும் இருப்பதும் உன் விருப்பம். ஆனால் அங்கே போனால் சுகம் என்று உன் தோழிகள் சொல்வதை நான் நம்பவில்லை. அங்கேயும் எலும்புக்கூடு பூட்டாமல் உருவம் அசையாது. எந்த மூட்டு எவ்வளவு மடங்கும் என்று ஒருவர் உட்கார்ந்து அமைத்தாக வேண்டும். முக்கியமான நிலைகளை அனிமேட்டர் வைத்துக் கொடுத்தால் இடைப்பட்டதைக் கணினி நிரப்பும். அதை அப்படியே விட்டால் நடப்பவன் தண்ணீரில் மிதப்பதுபோல் போவான், உடம்பில் கனமே தெரியாது. திருத்துவதற்கு மறுபடியும் மனிதன்தான் வர வேண்டும். அதற்குப் பிறகு ஒளி, நிழல், முடி எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒவ்வொரு ஃபிரேமாக வெளியே எடுக்க வேண்டும். முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம், 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'. அதில் 1,14,240 ஃபிரேம்கள். ஒன்றை முடிக்க 45 நிமிடத்தில் இருந்து 30 மணி நேரம் வரை ஆனதாம். நேற்று வைத்த கையை இன்று மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி அவர்களுக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். உனக்கோ முழங்கை விளக்கில் இடித்தால் அன்றைய வேலை போயிற்று.

'ஜுராசிக் பார்க்' எடுத்தபோது நடந்தது உனக்குத் தெரியுமா? டைனோசர்கள் பலவற்றை ஃபில் டிப்பெட் என்பவர் பொம்மைகளை வைத்து எடுப்பதாக இருந்தது. கணினியில் செய்த சோதனைக் காட்சியைப் பார்த்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் டிப்பெட்டை அனுப்பிவிடவில்லை. மூட்டுக்கு மூட்டு சென்சார் வைத்த உலோக எலும்புக்கூடு ஒன்றைச் செய்தார்கள். ஸ்டாப் மோஷன் ஆட்கள் அதைக் கையால் அசைக்க, கணினிக்குள் டைனோசர் அசைந்தது. பெரிய மிருகம் காலை ஊன்றும்போது உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தக் கைகள் பழகி வைத்திருந்தன. எந்தப் பிரிவுக்குப் போனாலும் அதைக் கற்றுக்கொண்டு போ என்கிறேன்.

உன்னைப்போலவே பொம்மைகளை அசைத்துப் படமெடுத்த ரே ஹாரிஹவுசன் பெயரை நீதான் முதலில் எனக்குச் சொன்னாய். 1963இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களோடு வாள் சுழற்றுகின்றனவே, சில நிமிடக் காட்சி, அதற்கு நாலரை மாதம் பிடித்ததாம். அத்தனையையும் தனி ஆளாக அசைத்திருக்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. அவருடைய அப்பா என்னைப்போல லேத் வேலைக்காரர். மகன் வரைந்து கொடுப்பதை அவர்தான் உலோகத்தில் கடைந்து கொடுத்திருக்கிறார், 1973இல் இறக்கும் வரைக்கும். பொம்மைகளுக்கு வேண்டிய துணிமணிகளில் சிலவற்றை அம்மா தைத்தாராம். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே குண்டின் விட்டத்தை அளந்து எழுது. ஸ்கேலில் வேண்டாம், வெர்னியரில். தகடு பித்தளையா எஃகா, இரண்டு குண்டுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம், மேலே ரப்பர் தோல் வருமா என்பதையும் குறிப்பிடு. தோல் வந்தால் ஸ்க்ரூவை முடுக்க எந்தப் பக்கம் வழி விடப்போகிறாய் என்று படத்தில் காட்டு. பட்டறையில் சின்ன லேத் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கிறது, முதலாளியிடம் கேட்டுவிட்டேன். முதலில் தோளுக்கு ஒரு ஜோடி. அது நின்றால் இடுப்பைப் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா