கவனம் சிதறாத வேலைநேரம் வேண்டும்: மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம். நீங்கள் வெளியிடும் வேலை விளம்பரங்களில் 'ஒரே நேரத்தில் பல பணிகளைக் கையாளும் திறன் வேண்டும்' என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். அப்படிச் சேர்த்துக்கொண்டவர்களுக்கே பிறகு மனஓர்மைப் பயிற்சியும் ஏற்பாடு செய்கிறீர்கள். ஆசிரியர் வருகிறார், கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார். இரண்டையும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் ஒன்று கட்டுவதை மற்றொன்று இடித்துவிடுகிறது.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு பேரேட்டை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்னவென்று, அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு தொகை இடிக்கிறது என்றால், அது எந்த ரசீதிலிருந்து வந்தது, தேதி மாறிப் பதிவானதா, இரண்டாகப் பிரித்து எழுதினார்களா, வேறு தலைப்பில் போய்ச் சேர்ந்ததா என்று எல்லாவற்றையும் மனத்தில் ஒருசேர வைத்துக்கொண்டு தேட வேண்டும். அந்த வேளையில் 'ஒரு நிமிடம், சின்ன விஷயம்' என்று திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வருகிறது. உண்மையிலேயே சின்ன விஷயம்தான். அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். திரும்பி வந்து பார்த்தால், மனத்தில் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் கலைந்திருக்கும். கேட்டவருக்கு அது அரை நிமிடச் செலவு. எனக்கு ஆன செலவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இது தனிப்பட்ட பலவீனம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மனம் நேரத்தை இழக்கிறது என்பதை உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் 1927-லேயே சோதனை செய்து காட்டினார். மாற்றம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, தயாராக அவகாசம் இருந்தாலும்கூட அந்த இழப்பு முழுவதும் மறைவதில்லை என்று ராபர்ட் ராஜர்ஸும் ஸ்டீஃபன் மான்செல்லும் 1995-இல் கண்டார்கள். முந்தைய வேலையின் ஒரு பகுதி மனத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கிறது என்பதை சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். நடந்துகொண்டே பேசலாம், ஏனென்றால் நடக்க யோசிக்க வேண்டியதில்லை. யோசனை தேவைப்படும் இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்வதாகத் தோன்றும்போது, நாம் பெரும்பாலும் இரண்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறோம்.

விதிவிலக்கானவர்கள் உண்டு. 2010-இல் ஜேசன் வாட்சனும் டேவிட் ஸ்ட்ரேயரும் 200 பேரைப் பாவனைக் கருவியில் கார் ஓட்டவைத்து, கூடவே கைபேசியில் மனப்பாடமும் கணக்கும் செய்யச் சொன்னார்கள். இரண்டிலும் தடுமாறாதவர்கள் 2.5 சதவீதம் பேர். அந்தச் சிலரை அளவுகோலாக வைத்துத்தான் எல்லோருக்குமான விளம்பரம் எழுதப்படுகிறது. பெண்களுக்கு இது இயல்பாகவே வரும் என்று பாராட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பாராட்டுக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு வேலைகள் வந்து சேர்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

'ஆனால் வேலை முடிந்துவிடுகிறதே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குளோரியா மார்க்கும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலையை இடையூறோடும் இடையூறின்றியும் கொடுத்துப் பார்த்தார்கள். இடையூறு இருந்தபோதுதான் பங்கேற்றவர்கள் விரைவாக முடித்தார்கள், தரத்திலும் வேறுபாடில்லை. ஆனால் மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி, உழைப்பின் சுமை எல்லாமே அப்போது கூடியிருந்தன. இழந்த நேரத்தை அவர்கள் தங்களை நெருக்கி ஈடுகட்டினார்கள். உங்கள் அறிக்கைக்கு வந்து சேர்வது முடிந்த வேலை மட்டும்தான். அது எப்படி முடிந்தது என்பதை மாலையில் வீடு திரும்புகிறவரின் முகத்தில்தான் பார்க்க முடியும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். இடையூற்றுக்கு நாங்கள் கொடுக்கும் விலையே, அதனால் ஒரு நட்டமும் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

எல்லா வேலையிலும் அப்படி ஈடுகட்டவும் முடியாது. சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர் மருந்து கொடுப்பதைக் கவனித்து ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வோர் இடையூறும் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுவதோடு தொடர்புற்றிருந்தது.

விமானத்துறை இதற்கு என்ன செய்தது என்பதை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகர விமான நிலையத்தை நெருங்கிய ஒரு பயணிகள் விமானம் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதி, 72 பேர் இறந்தார்கள். தரையிறங்கும் நேரத்தில் விமானிகள் வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, 1981-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. 10,000 அடிக்குக் கீழே ஏறும்போதும் இறங்கும்போதும், பறத்தலின் பாதுகாப்புக்குத் தேவையில்லாத எந்த வேலையும் எந்தப் பேச்சும் விமானி அறையில் கூடாது. தேவையற்றதற்காக விமானிகளை யாரும் அழைக்கவும் கூடாது. மனத்தை அடக்கிக்கொள் என்று விமானியிடம் சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை, அவரைச் சுற்றியுள்ள ஏற்பாட்டையே மாற்றினார்கள்.

மனஓர்மைப் பயிற்சிக்கு நான் எதிரி இல்லை. 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சி, தீராத வலியோடு வாழ்ந்தவர்களுக்குத் துணையாக நின்றது. அலுவலக வேலைக்கும் அது உதவும் என்பதற்குச் சான்று உண்டு. டேவிட் லெவி குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் உங்கள் துறையினரே, மனிதவளப் பணியாளர்கள். எட்டு வாரம் தியானம் பயின்றவர்கள் ஒரு வேலையில் கூடுதல் நேரம் நிலைத்திருந்தார்கள், வேலை விட்டு வேலை தாவுவது குறைந்தது, வேலைக்குப் பின் எதிர்மறை உணர்வும் குறைவாக இருந்தது. மொத்த நேரத்தில் மிச்சம் ஒன்றும் ஏற்படவில்லை.

இதை நிதானமாக யோசியுங்கள். பயிற்சி அவர்களைப் பல வேலைகளை ஒருசேரச் செய்பவர்களாக மாற்றவில்லை, தாவாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது. அப்படியானால், நீங்கள் பணம் கொடுத்து அனுப்பிய பயிற்சியை ஓர் ஊழியர் ஒழுங்காகக் கற்றுவந்தால், உங்கள் செய்திக்கு அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். கையிலுள்ளதை முடித்துவிட்டுத்தான் பார்ப்பார். அன்றைக்கு அவரை என்னவென்று மதிப்பிடுவீர்கள்?

அவரை மெச்சும்படியான ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன். விளம்பரத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, 'தொடங்கிய வேலையைப் பிழையின்றி முடிக்கும் திறன்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் கூட்டமோ அழைப்போ செய்தியோ இல்லாமல் விடுங்கள், அந்த விதிக்கு நீங்களும் கட்டுப்படுங்கள். மேலதிகாரியே மீறினால் அந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது. உண்மையான அவசரத்துக்குத் தொலைபேசி அழைப்பு என்று ஒரே வழியை வைத்துவிட்டால், மற்றவை காத்திருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பதில் வரும் வேகத்தை வைத்து ஒருவரின் ஈடுபாட்டை அளக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவையில் ஒருவரே மூன்று நான்கு அரட்டைச் சாளரங்களைத் திறந்துவைத்துப் பதில் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். கோபத்தோடும் கவலையோடும் வரும் மனிதர்களுக்கு அரைக்கவனத்தில் பதில் சொல்வது இருதரப்புக்கும் கொடுமை.

இவற்றைத் தொடங்கும் முன் ஒரு காலைப்பொழுது உங்கள் ஊழியர் ஒருவரின் பக்கத்தில், அவருடைய சம்மதத்தோடு, ஒரு தாளுடன் உட்காருங்கள். அவர் வேலை எத்தனை முறை தடைப்பட்டது, ஒவ்வொரு முறையும் தடுத்தது யார், அது மதியம் வரை காத்திருக்க முடிந்ததா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மனஓர்மைப் பயிற்சிக்கு அடுத்த முறை நிதி ஒதுக்கும் கூட்டத்தில் அந்தத் தாளையும் மேசைமேல் வையுங்கள்.

அன்புடன்,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்