ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வால்பாறையில் இயற்கை நடைக்காகத் தொடங்கிய நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன்.

செயற்குழு 6 முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றினோம். புதுத்தோட்டம் சாலையோரம் 11 சாக்கு குப்பை அள்ளினோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்திப் பரிசும் கொடுத்தாயிற்று.

இனி இருவாச்சிப் பறவை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மாசியும் பங்குனியும்தான் நம் மலைக்கு வசந்தம். கோடை மழை ஒன்று விழுந்தால் எட்டு, பத்து நாளில் காப்பித் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். கல்யாண முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் சிவந்து நிற்கும். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஆட்கள் வருகிறார்கள், வரட்டும். ஆனால் மலை இருவாச்சி கூட்டில் இருப்பதும் இதே நாட்களில்தான். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தைக் கொண்டே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீற்று இடைவெளிதான் மிச்சம். இறகும் உதிர்ந்து கிடப்பதால் நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண்தான் வாரக்கணக்கில் அத்திப்பழமும் ஆலம்பழமும் விழுங்கி வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்ட வேண்டும். மரத்தடியில் ஆள் நின்றால் அது கூட்டுக்கு வராது. போன வருடம் ஒரு கார் நிறைய ஆட்கள் கைபேசியோடு அடியில் நின்றபோது, ஆண் எதிர்மரத்தில் 40 நிமிடம் வாயில் பழத்தோடு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் இந்த வருடம் கயிறு கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தேன். எஸ்டேட் அனுமதியும் வனத்துறை அனுமதியும் வாங்கி, கூடு இருக்கும் மரத்திலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டினோம். ஞாயிறுதோறும் காலை 7 முதல் 11 மணி வரை இருவர் நின்று, வருகிறவர்களுக்கு பைனாகுலரில் காட்டுவது என்று முடிவு. பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். முறை தவறாமல் வந்தவர்கள் 5 பேர். 13 ஞாயிறுகளில் 10 ஞாயிறு நான் நின்றேன். மற்றவர்களுக்கு வேலை இருந்திருக்கும், சரி, ஆனால் முந்தின நாளே ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். நம் உறுப்பினர் ஒருவரே படம் எடுக்கக் கயிற்றைத் தாண்டிப் போனார். தடுத்தேன். "இது உங்க வீட்டு மரமா?" என்று கேட்டார். அன்று தடுத்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

இரண்டு ஞாயிறு நடையை ரத்து செய்ததற்கும் வருத்தப்பட்டார்கள். யானை வருவதை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் யானைக் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். தேயிலைச் செடி இடுப்பளவுதான், ஆனால் அதற்குள் ஓடித் தப்ப முடியாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கூட்டிப்போவேன்?

சித்திரைக் கடைசியில் குஞ்சு வெளியே வந்தது. அன்று அங்கே இருந்தது மூன்று பேர்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பலகை, கயிறு, பைனாகுலர் பழுதுபார்ப்பு என்று கொஞ்சம் கூடுதலாகப் போனது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. 58 உறுப்பினர்களில் 26 பேர் 300 ரூபாய் சந்தாவை இன்னும் கட்டவில்லை. அதில் சிலருக்கு இது இரண்டாவது வருடம். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

அனுமதி தந்த அலுவலகங்களுக்கும், கூடத்தை இலவசமாகத் தந்தவர்களுக்கும், டீ கொடுத்து உதவிய கடைக்காரருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த வருடம் தை மாதமே ஆண் பறவை பொந்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும். எனக்கு முழங்கால் வலி, மருத்துவர் மேடு ஏறுவதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பேராவது உறுதியாக வருவதாக இருந்தால் நான் மீண்டும் பொறுப்பெடுக்கிறேன். இல்லையென்றால் இன்றே வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம், கயிறும் பைனாகுலரும் என் வீட்டில்தான் இருக்கின்றன. பெயர் எழுதும் நோட்டு வாசலருகே மேசையில் உள்ளது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்