மணல் கொட்டினால் யார் பெருக்குவது?

செந்த்-ஆந்த்ரே, ரீயூனியன்
ஜூன் 2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். இரண்டு நாள் போட்டுவிட்டு, 'இப்பதான் பளிச்சுன்னு தெரியுதே' என்று நிறுத்திவிடப் போகிறார்கள். மகள் கல்யாணத் தேதி முடிவானதும் முதலில் எனக்குச் சொல். கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் இங்கிருந்து சென்னை வர சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் சுகம். பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் புயல் எங்கள் வடக்குப் பக்கம் ஏறி வந்த கதையைப் போனிலேயே சொல்லிவிட்டேன். கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது. பின்பக்கத்து லிச்சி மரம்தான் போனது போனதுதான். நான் லைட் வேலை பார்க்கிற அரங்கத்திலும் ஒரு மூலையில் தண்ணீர் இறங்கி விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டிகள் நனைந்துபோயின. இருக்கிறதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 'ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்து பாக்குற அளவுக்கு அந்த யூரோவிஷன்ல என்னடா இருக்கு, நம்ம டிவியில இல்லாத பாட்டுப் போட்டியா?' என்று கேட்டிருந்தாய். ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி மோதும் போட்டி அது. பாட்டு என்று பார்த்தால் நீ சொல்வது சரிதான். இருபத்தாறு பாட்டில் இருபதை மறுநாள் காலையில் என்னாலேயே முணுமுணுக்க முடியவில்லை. ஆனால் நீயும் நானும் முத்தியால்பேட்டையில் மைக் செட் கட்டி வளர்ந்தவர்கள். உனக்கு அதை வேறு கண்ணால் பார்க்கத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊர்ப் போட்டிகளைப் பெரும்பாலும் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, அழுகிற இடத்தில் வயலின் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள். இது நேரலை. மே 17-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து சாங்க்ட் யாகோப் அரங்கத்தில் இறுதிச் சுற்று அவர்களுக்கு இரவு 9 மணிக்குத் தொடங்கியது. எங்களுக்கு 11 மணி. எங்கள் ரீயூனியன் தீவு பிரான்ஸின் ஒரு மாவட்டம்தானே, அதனால் பிரான்ஸ் சார்பில் பாடுகிறவள் எங்களுக்கும் 'நம்ம பொண்ணு'. இந்த வருஷம் லுவான் பாடினாள். பக்கத்து வீட்டுக் கிழவி உட்பட ஒருவரும் தூங்கவில்லை. பிரான்ஸ் கடைசியாக ஜெயித்தது 1977-இல். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் நம்பிக்கை வருகிறது, ஜூனில் போய்விடுகிறது.

இந்தப் போட்டியே ஒரு தொழில்நுட்பப் பரீட்சையாகத்தான் பிறந்தது. 1950-களில் ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து, பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஒரு நிகழ்ச்சியை நேரடியாகக் காட்ட முடியுமா என்று பார்க்க நினைத்தன. இத்தாலியில் நடந்துகொண்டிருந்த சான்ரேமோ பாட்டு விழாவை மாதிரியாக வைத்துக்கொண்டு, 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 7 நாடுகளோடு ஆரம்பித்தார்கள். ஆக, கேபிள்காரர்கள் பெற்ற பிள்ளை. பாட்டுக்காரர்கள் பிறகு தத்து எடுத்துக்கொண்டார்கள்.

உனக்கு வயிறெரியும் சேதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1998 வரைக்கும் மேடைக்குப் பக்கத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசித்தது. ஒவ்வொரு நாடும் தன் நடத்துனரைக் கூட்டி வரும், அவர் குனிந்து வணங்கிவிட்டுக் கையைத் தூக்குவார். 1999 முதல் ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. எல்லாம் ட்ராக், முன்பே பதிவு செய்த இசை. மேடையில் ஒருவன் டிரம்ஸை உடைக்கிற மாதிரி அடிக்கிறானே, சத்தம் அதிலிருந்து வருவதில்லை. கிட்டாரும் அப்படித்தான், சும்மா பாவனை. முன்னால் நின்று பாடுகிறவர் குரல் மட்டும் நிஜம். 2021 முதல் பின்பாட்டைக்கூட முன்பே பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நம் ஊரில் ட்ராக் போட்டுப் பாட ஆரம்பித்தபோது நீ தபேலாவை உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டு மூன்று மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தாயே, அந்தக் கோபம் உனக்கு ஐரோப்பா அளவுக்கு வர வேண்டும்.

ஆனால் ட்ராக் இருப்பதில் ஒரு வசதி மேடையில் தெரிகிறது. ஒரு பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில், அடுத்து வரும் பாடகரைப் பற்றி ஒரு குட்டிப் படம் போடுவார்கள். அதற்கு 'போஸ்ட்கார்டு' என்று பெயர். சுமார் நாற்பது நொடி. 1970-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தபோது பல நாடுகள் வராமல் 12 நாடுகள்தான் மிஞ்சின. நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிடுமே என்று நேரத்தை இழுக்கக் கண்டுபிடித்த விஷயம் இது. இன்றைக்கு அதே நாற்பது நொடிதான் அந்த ராத்திரி முழுவதையும் தாங்குகிறது. டிவியில் யாரோ மலையேறிப் பாலாடைக்கட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்க, இருட்டில் பழைய சாமான்கள் வெளியே போய், புதுச் சாமான்கள் உள்ளே வந்து, ஒருவன் தரையைப் பெருக்க, இன்னொருவன் அடையாளப் பட்டைமேல் நாற்காலியைச் சரியாக நிறுத்த, பாடுகிறவர் வந்து நிற்க வேண்டும். அதற்குள் காதில் சத்தம் வருகிறதா என்று யாராவது கேட்டும் இருக்க வேண்டும். ஐந்து நொடி தாமதமானால் பதினாறு கோடிப் பேர் பார்ப்பார்கள்.

இப்போது லுவான் கதைக்கு வா. செத்துப்போன அம்மாவிடம் பேசுகிற மாதிரியான பாட்டு அவளுடையது. மேடையில் அவள் மட்டும். மேலேயிருந்து மணல் கொட்டுகிறது, அவளைச் சுற்றிச் சுழல்கிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நானோ, 'ஐயோ, இந்த மணலை யாருடா அள்ளுவான், பாட்டு முடிய இன்னும் ஒண்ணரை நிமிஷம்தானே இருக்கு' என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். 'பாட்டைக் கேளுங்க' என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம். பாட்டு முடிந்தது, கைதட்டல், போஸ்ட்கார்டு, அடுத்த ஆள் வந்து நின்றாயிற்று. கேமரா தரையோடு போகும்போது நான் எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டு மணல் இல்லை. நாமாக இருந்தால் கீழே தார்ப்பாய் விரித்து நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கியிருப்போம். அப்படித் தூக்கும்போது நம் ஆள் ஒருவன் மூலையை நழுவ விட்டிருப்பான், அது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லுவான் ஏழாவதாக வந்தாள். ஜெயித்தது ஆஸ்திரியாவின் ஜேஜே, 436 புள்ளிகள். மேற்கத்திய இசை நாடகமான ஆபரா படித்தவன், பெண் குரல் அளவுக்கு மேலே போய்ப் பாடுகிறான். கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னப் படகு, புயல், அவ்வளவுதான் காட்சி. அந்தப் புயலை அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அது கேமராவுக்காகச் செய்தது. எந்த அடிக்கு எந்தக் கேமரா, எந்த எழுத்துக்கு எந்த விளக்கு என்பதைப் பாட்டின் தாளத்தோடு முன்கூட்டியே கணினியில் கட்டிவைத்துவிடுகிறார்கள். கேமராக்காரன் மேடைக்குள்ளேயே ஓடுகிறான், சரியான நேரத்தில் விலகுகிறான், அவனை நாம் பார்ப்பதே இல்லை. சுவீடன் சார்பில் வந்த பின்லாந்துக்காரர்கள் மூன்று பேர் ஒரு நீராவிக் குளியல் அறையையே மேடைக்குக் கொண்டுவந்து ஆடினார்கள். அதுவும் நாற்பது நொடியில் வந்து நாற்பது நொடியில் போயிற்று. 2023-இல் இதே சுவீடனின் லொரீனுக்குத் தலைக்குமேல் ஒரு பெரிய எல்இடி பலகை தொங்கியது. உள்ளூர்த் தேர்வில் வைத்ததை அப்படியே லிவர்பூலுக்குக் கொண்டு போக முடியாமல் சின்னதாக்கித்தான் கொண்டு போனார்கள். நேரமும் எடையும் ஒத்து வரவில்லை. அப்படியும் ஜெயித்தாள்.

இன்னொன்று கேட்டால் ஆச்சரியப்படுவாய். நடுவர்கள் சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. முந்தின நாள் இரவு முழு உடையில் நடக்கும் ஒத்திகையைப் பார்த்தே போட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை போன் போடும் ஜனங்கள் பார்ப்பது வேறு ஒரு கச்சேரி. வெள்ளிக்கிழமை தொண்டை கட்டியிருந்தால் பாதிப் புள்ளி போனது. அதனால் அங்கே ஒத்திகை என்பதே கிடையாது, எல்லாமே கச்சேரிதான். 2021-இல் ராட்டர்டாமில் ஐஸ்லாந்துக் குழுவில் ஒருவருக்குக் கொரோனா வந்து அவர்களால் மேடை ஏறவே முடியவில்லை. ஒத்திகையில் எடுத்து வைத்த பதிவைப் போட்டார்கள். நாலாவது இடம்! ஓட்டல் அறையில் உட்கார்ந்து தங்கள் பாட்டைத் தாங்களே டிவியில் பார்த்துக்கொண்டு நாலாவது வந்தார்கள்.

நடுவர் ஒரு பக்கம், ஜனம் ஒரு பக்கம் என்பதால் வரும் கொடுமையும் உண்டு. பாசலில் சுவிட்சர்லாந்தின் சோயே மெ நடுவர்களிடம் 214 புள்ளி வாங்கி இரண்டாவதாக நின்றாள். ஜனங்களின் ஓட்டு எத்தனை தெரியுமா? பூஜ்யம். சொந்த நாடு, சொந்த மேடை, முகத்துக்கு நேரே கேமரா. தன் நாட்டுக்குத் தானே ஓட்டுப் போட முடியாது என்பது விதி, அதனால் அந்த அரங்கத்தில் இருந்த சுவிஸ் ஜனம் நினைத்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை. மனிதரை வைத்துப் பட்டாசு கொளுத்துகிற மாதிரி இருந்தது.

இஸ்ரேல் கலந்துகொண்டது பற்றி அங்கே நடந்த சண்டை, ஊர்வலம் எல்லாம் நீயும் படித்திருப்பாய். அதைப் பேச ஒரு கடிதம் போதாது, போனில் பேசலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த நாட்டுப் பாடகி பாடி முடிக்கும் நேரத்தில் இரண்டு பேர் தடுப்பைத் தாண்டி மேடைக்கு ஏறப் பார்த்தார்கள், பெயிண்ட் வீசினார்கள். அது யார் மேல் விழுந்தது? அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பணியாளர் மேல். அடிபடவில்லை. மறுநாள் செய்தியில் அவர் ஒரே ஒரு வரி.

ஜெயித்த நாடுதான் அடுத்த வருஷம் நடத்த வேண்டும், அதனால் இனி ஆஸ்திரியா. இது வரமா சாபமா என்பதில் பல நாட்டுக்காரர்களுக்கே சந்தேகம். லக்சம்பர்க் 1972, 1973 இரண்டு வருஷமும் ஜெயித்துவிட்டு, இரண்டாவது முறை 'எங்களால் முடியாது' என்று கையை விரித்தது. அதனால்தான் 1974 போட்டி இங்கிலாந்தின் பிரைட்டனுக்குப் போனது. அயர்லாந்து 1992 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்து மாட்டிக்கொண்டது. 1993-இல் அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் மில்ஸ்ட்ரீட். ஆயிரத்து ஐந்நூறு பேர் இருக்கிற ஊர், குதிரைக் காட்சி நடத்துகிற கொட்டகை. நம் பாகூரில் ஐரோப்பாவையே கூட்டி உட்கார வைத்த மாதிரி. அந்த வருஷமும் அவர்களேதான் ஜெயித்தார்கள்!

இதையெல்லாம் பார்த்துவிட்டு எனக்கு வீட்டில் சும்மா இருக்க முடியுமா? எங்கள் சங்கத்தில் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் போட்டி வைக்கிறோம். இங்கே தீபாவளி ஊர்த் திருவிழா மாதிரி, மல்பார் என்று இங்கே சொல்லும் தமிழ் வம்சத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, எல்லோரும் வருவார்கள். போன வருஷம் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் இருட்டு, மைக் கொய்ங் என்றது, தொகுப்பாளினி வானிலை பற்றிப் பேசி ஒப்பேற்றினாள். இந்த முறை நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: பாட்டு மூன்று நிமிடம், மேடையில் ஆறு பேர், இடப்பக்கம் ஏறு, வலப்பக்கம் இறங்கு. நடுவில் பிள்ளைகள் தங்கள் வீட்டில் போனில் எடுத்த சின்னப் படம். சாமான் தூக்க நாலு பையன்களுக்குக் கறுப்புச் சட்டை வாங்கியாகிவிட்டது. மேடையில் ஏறுகிற பிள்ளையைவிட அவர்களுக்குத்தான் இப்போது பெருமை தாங்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, வீட்டில் தீவு மொழியான கிரெயோல்தான். பாட்டை பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவார்கள். 'ழ' வருகிற இடமெல்லாம் ஒரு கண்டம். ஆனால் சுருதியில் நிற்கிறார்கள், கோவிலில் பாடிப் பழகிய குரல். தாளத்துக்குக் கேட்கவே வேண்டாம், இந்தத் தீவின் தாள இசையான மலோயா கேட்டு வளர்ந்த பிள்ளைகள்.

இப்போது கடிதத்தின் உண்மையான காரணத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படி. எங்களிடம் வாசிக்க ஆள் இல்லை. உன் குழுவில் கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் சொல்லி, நான் தனியாக அனுப்பும் ஒன்பது பாட்டுக்கும் ட்ராக் செய்து தரச் சொல். பிள்ளைகள் குரல், அதனால் ஆண் பாட்டுகளை இரண்டு கட்டை ஏற்ற வேண்டும். எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, இரண்டாவது சரணத்தை வெட்டிவிடு. தபேலா மட்டும் மெஷினில் வேண்டாம், நீயே வாசித்துப் பதிவு செய். பணம் எவ்வளவு என்று அந்தத் தம்பியிடம் கேட்டு எழுது. உனக்கு நான் ஒன்றும் தருவதாக இல்லை.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் ட்ராக் வந்தால்தான் ஒத்திகை பார்க்க முடியும், மறந்துவிடாதே.

உன்
பழைய மைக் செட் கூட்டாளி