அம்மாவின் மணிக்கட்டு

நீடாமங்கலம்,
ஐப்பசி 20.

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது.

போனில் நீ பதறிப்போனதால் அன்றைக்குப் பாதியைத்தான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

அம்மா ஒன்றும் உயரத்திலிருந்து விழவில்லை. மழையில் கொல்லைக் கிணற்றடி பாசி பிடித்துக் கிடந்தது. கால் வழுக்க, வலது கையை ஊன்றினாள், அவ்வளவுதான். மணிக்கட்டு போய்விட்டது. தஞ்சாவூரில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "கை ஊன்றியதற்கே உடைகிறதென்றால் எலும்பைப் பார்க்க வேண்டும்" என்று, எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் வருகிற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து சுலபமாக உடைகிற நோய். அம்மாவுக்கு மைனஸ் 2.9.

நம் வீட்டில் எப்போதும் இரண்டு மாடாவது கறவையில் இருக்கும். விடிந்ததும் கேன் சொசைட்டிக்குப் போய்விடும். மிச்சத்தில் தாத்தாவுக்கும் எனக்கும் காபி, உனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு டம்ளர். அம்மா ஒரு டம்ளர் பால் குடித்து நான் பார்த்த ஞாபகமே இல்லை. "எனக்குப் பால் வாடை பிடிக்காது" என்பாள். நானும் நம்பினேன். இப்போது டாக்டர் சொன்னபடி தினமும் ராத்திரி நானே காய்ச்சிக் கொடுக்கிறேன். வாடை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் குடிக்கிறாள், செல்வி. எனக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

எலும்பு கல் மாதிரி அப்படியே இருப்பதில்லையாம். பழையது கரையும், புதியது கட்டும். முப்பது வயதுவரை சேர்வதுதான் சேமிப்பு. அப்புறம் மெல்லக் குறையும், மாதவிடாய் நின்ற சில வருடங்களில் பெண்களுக்கு வேகமாகக் குறையும். மேட்டூரில் நிற்கிற தண்ணீரை வைத்துத்தானே நாம் சம்பாவுக்குக் கணக்குப் போடுகிறோம், அது மாதிரி. அம்மாவுக்கு அணை நிரம்பவே இல்லை.

அப்புறம் வயிறு. நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கலில் நாங்களே கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரையை ஏழெட்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு வேறு, எலும்பு வேறு என்று நினைத்திருந்தோம். தின்ற கால்சியம் குடல் வழியாகத்தானே உடம்பில் சேர வேண்டும்! வருடக்கணக்கில் அமிலத்தை அடக்கி வைத்தால் வைட்டமின் பி12 சேர்வது குறையுமாம், எலும்பு முறிகிற வாய்ப்பும் கூடலாமாம். பொங்கலுக்கு வந்தபோது உன் கைப்பையிலும் அதே அட்டையைப் பார்த்தேன். நீயாகத் திடீரென்று நிறுத்திவிடாதே, எரிச்சல் இன்னும் அதிகமாகும். ஒரு டாக்டரிடம் போய், எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று உள்ளதைச் சொல். ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சுக்கு ஏறத்தான் செய்யும். அதை முதலில் மாற்றம்மா.

குடல் கால்சியத்தை இழுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். காலை இளவெயில்தான் நல்லது என்று நான் நினைத்திருந்தேன். அது போதாதாம். பதினொரு மணிக்கு மேல் அடிக்கிற வெயில் கையிலும் முகத்திலும் கொஞ்ச நேரம் படவேண்டும். நடவுக்குப் போன காலத்தில் அம்மாவுக்கு அது தானாகக் கிடைத்தது. நீ ஏசி அறைக்குள் போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறாய்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், அம்மா வயதில் 1200. நூறு மில்லி பாலில் கிட்டத்தட்ட 120தான் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 போல. முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு. எள்ளைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன், மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. எள்ளில் கால்சியம் ஏராளம், ஆனால் செக்கில் ஆட்டினால் எண்ணெயோடு வராது, பிண்ணாக்கில் தங்கிவிடும். அதை இத்தனை வருடம் மாட்டுக்கு வைத்தோம். மாட்டுக்கு வேண்டியதுதான், ஆனால் அம்மாவுக்கு ஒரு எள்ளுருண்டையாவது பிடித்துக் கொடுத்திருக்கலாம்.

அம்மாவின் மலச்சிக்கலுக்கும் வெள்ளை அரிசியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கொத்தவரை என்று கொல்லையில் காய்ப்பதை நாங்கள் ஒரு கரண்டிதான் போட்டுக்கொள்வோம், சோறு மலைபோல் இருக்கும். இப்போது காயைக் கூட்டிச் சோற்றைக் குறைத்திருக்கிறோம். வயதானால் தாகமே தெரிவதில்லை, அதனால் சொம்பில் தண்ணீர் வைத்து நினைவுபடுத்திக் குடிக்க வைக்கிறேன். அம்மாவுக்கு இப்போது வயிறு பரவாயில்லை.

பாப்பாவுக்கு ஒன்பது வயது. வயசுக்கு வருகிற அந்தச் சில வருடங்களில்தான் எலும்பு மளமளவென்று கட்டுமாம். நீ பெரியவளானபோது ஆத்தா நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டிய உளுந்தங்களியை அழுதுகொண்டே தின்றாயே, அதை அவளுக்கு இப்போதே பழக்கு. எலும்புக்குப் புரதமும் வேண்டும். அவளைக் கீழே இறக்கி ஓடி விளையாட விடு, எலும்புக்கு அதுவும் தீனிதான். நீயும் அவளோடு உட்கார்ந்து பால் குடி. உனக்குப் பிடிக்காது என்று அவளிடம் சொல்லாதே.

கருப்பு எள்ளைத் தோலோடு வறுத்து, வெல்லம் போட்டு இடித்து உருண்டை பிடித்திருக்கிறேன். அம்மா ஒரு கையோடு பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொன்னாள். கேழ்வரகு மாவும் வைத்து நாளைக்குப் பார்சல் போடுகிறேன். வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கத் தஞ்சாவூர் போகிறோம், போய் வந்ததும் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
அப்பா