வெள்ளிக்குள்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள சிவத்துக்கு,

மகளின் கலியாணப் படங்கள் கிடைத்தன. பட்டு வேட்டி உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கீரிமலைப் பந்தயக் காசை நான் மறக்கவில்லை. இவ்வளவு நாளும் எழுதாததைப் பொறுத்துக்கொள். இன்று உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் மாலையில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை ஒருத்திக்கு, வேலைக்கான சான்றிதழ்களை ‘பை ஃபிறைடே’ ஒப்படைக்குமாறு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெள்ளியை ஒட்டிக் கொடுத்தால் போதும் என்று விளங்கிக்கொண்டு அவள் திங்கள் காலை போக, வாங்க மறுத்துவிட்டார்கள். அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ‘பை – அருகில்’ என்று எழுதிச் சிவப்பு மையால் கீழ்க்கோடு இட்டிருந்தாள். அது நான் சொல்லிக்கொடுத்தது, சிவம். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

நாளைச் சொல்லும்போது ‘பை’ என்பது ‘அருகில்’ அல்ல, ‘உள்’. ‘உள்’ என்னும் ‘பை’க்கும் ‘வரை’ என்னும் ‘அன்ரில்’லுக்கும் உள்ள வேறுபாடு தமிழிலேயே எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ‘வெள்ளிக்குள் தா’ என்போம், ‘வெள்ளி வரை இரு’ என்போம். ‘வெள்ளி வரை தா’ என்று சின்னப் பிள்ளையும் சொல்லாது. கொடுத்தல், முடித்தல் போன்று ஒரு தடவையில் நிறைவேறும் செயலுக்குப் ‘பை’ வரும். காத்திருத்தல், தங்குதல் போன்று நீண்டு செல்லும் செயலுக்கு ‘அன்ரில்’ வரும். ‘பை ஃபிறைடே’ என்றால் வெள்ளியும் சேர்த்தி. ‘பிஃபோர் ஃபிறைடே’ என்றால் வியாழனோடு சரி. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று எழுதவைக்காமல், இப்படி வசனத்தோடு சொல்லியிருந்தால் அவள் அந்தப் படி ஏறி இறங்கியிருக்க மாட்டாள்.

‘இல்’ என்ற உருபு இன்னும் ஏமாற்றுகிறது. பெட்டியில், சுவரில், சந்தியில் என்று நாம் ஒன்றாகச் சொல்வதை ஆங்கிலம் ‘இன்’, ‘ஒன்’, ‘அற்’ என மூன்றாகப் பிரிக்கிறது. நேற்று ஒரு நெருப்புப்பெட்டிக்குள்ளும் அதன் மேலும் புளியங்கொட்டையை வைத்து முதல் இரண்டையும் காட்டினேன். மூன்றாவதற்குப் பிள்ளைகளைப் படலைக்குக் கூட்டிப்போனேன். படலையடி, சந்தியடி, கோயிலடி என்று நாம் சொல்கிறோமே, அந்த ‘அடி’தான் ‘அற்’ என்றதும் எல்லா முகங்களும் மலர்ந்தன. யாழ்தேவி ரயில் குறித்த நேரத்துக்கு வந்தால் ‘ஒன் ரைம்’, அது புறப்படுமுன் நாம் ஓடிப்போய்ச் சேர்ந்தால் ‘இன் ரைம்’ என்பதையும் அங்கேயே சொல்லி முடித்தேன்.

அந்தப் பிள்ளையும் வந்திருந்தாள். பழைய வரியை வெட்டிவிட்டு ‘வெள்ளிக்குள்’ என்று தன் கையால் எழுதினாள்.

பங்குனிக்குள் வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது உன் இலக்கணக் கொப்பிகளைக் கொண்டுவா. இருவருக்குப் ‘பிற்றுவீன்’, பலருக்கு ‘அமங்’ என்று நான் சொல்லிவந்ததும் போதாது என்று இப்போது படுகிறது.

அன்புடன்,
இராசன்